பரிதிமாற் கலைஞரும் பதினான்கடிச் செய்யுளும்

மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870ஆம் ஆண்டு பிறந்தவர் சூரியநாராயண சாத்திரியார். நம் ஒரகடத்துச் சாலை படப்பை வழியே சென்று சேரும் தாம்பரத்தில் இன்று விளங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, அந்நாளில் சென்னை நகருக்குள் இருந்தது. அங்கே பயின்ற அவர் அங்கேயே தமிழாசிரியரானார்; ஆங்கிலக் கவிதையிலும் தோய்ந்தார்.

ஆங்கிலச் ‘சானட்’ பதினான்கு அடிகளால் ஆவது. அடிக்குப் பத்து அசை. அழுத்தி ஒலிக்கும் அசைகளால் ஓசை பிறக்கும். இயைபு அடியிறுதியில் அமையும். தமிழ் யாப்போ நேர், நிரை என அசை பிரிப்பது. அடிமுதல் எதுகையை விரும்புவது. சாத்திரியார் அடித்தொகையையும், ஒரு பாட்டுக்கு ஒரு கருத்து என்னும் கட்டுக்கோப்பையும் ஆங்கிலத்திலிருந்து கொண்டார்; தமிழ் யாப்பை விட்டாரல்லர். அவ்வாறு எழுந்ததே ‘தனிப்பாசுரத் தொகை’.

புலமைப் புகழை நோக்காது பாட்டையே நோக்கி அறிஞர் மதிப்பிட வேண்டும் என விரும்பினார். ஆகவே தம் பெயரைத் தமிழாக்கி, ‘பரிதிமாற் கலைஞர்’ என்னும் புனைபெயரில் வெளியிட்டார். ஜி. யு. போப் அப்பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். வடிவம் தான் வந்த மொழிக்கே தமிழ்ப் பொருளுடன் மீண்டது.

1903இல், 33ஆம் அகவையில் மறைந்தார். பிறமொழி வடிவங்களைக் கையாளும் நாம், பெயரை மறைத்தாலும் நம் பாட்டு நிற்குமா என வினவிக்கொள்வதே அவருக்குச் செய்யும் வணக்கம்.