மூன்றாம் வகுப்போடு நின்றவர் தலைமை தாங்கிய மேலவை



சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர் போன் செய்தபோது, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் அதை எழுத ஒவ்வொரு மலரிலும் யாராவது ஒருவர் இருக்கிறார்! அதனால் பதினைந்து வருஷத்துக்கும் மேலாக என் மனசில் கிடக்கிற ஒரு கடனை இங்கே தீர்த்துக்கொள்கிறேன்.

அது 2010. நான் மூன்றாம் ஆண்டு. தமிழ்நாட்டில் மீண்டும் சட்ட மேலவை வேண்டும் என்று அந்த வருஷம் ஏப்ரல் 12-ல் சட்டப் பேரவை தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. சூட்டோடு சூடாக நம் தமிழ் மன்றத்திலும் பட்டிமன்றம் வைத்தார்கள். மேலவை தேவையா, தேவையில்லையா என்பதுதான் தலைப்பு. நான் தேவையில்லை அணி. தேர்தலில் தோற்றவர்களுக்குப் பின்வாசல், மக்கள் வரிப்பணத்துக்கு வெட்டிச் செலவு என்றெல்லாம் வெளுத்து வாங்கினேன். நல்ல கைதட்டல். தீர்ப்பும் எங்கள் பக்கம்தான்.

நடுவராக இருந்தவர் நமக்குக் கணக்கு எடுத்த பேராசிரியர். மேடையை விட்டு இறங்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேட்டார். தமிழ்நாட்டின் கடைசி மேலவைத் தலைவர் யார்? அவர் எதுவரைக்கும் படித்தவர்? எனக்கு இரண்டுமே தெரியலை. அவர் சிரித்துவிட்டு, லைப்ரரி பக்கம் போய்ப் பாருப்பா என்கிற மாதிரி கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். நான் போனேன். ஆனால் செமஸ்டர் எல்லாம் முடிந்து சாவகாசமாகத்தான் போனேன்.

அந்தக் கடைசித் தலைவர் சிலம்புச் செல்வர் ம.பொ.சி. அவர் படித்தது மூன்றாம் வகுப்பு.

மயிலாப்பூர் பொன்னுசாமி சிவஞானம் என்பதன் சுருக்கம்தான் ம.பொ.சி. 1906 ஜூன் 26-ல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பாடப்புத்தகம் வாங்கக் காசில்லாததால் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்புறம் கிடைத்த கூலி வேலைகள். பிறகு டாக்டர் வரதராஜுலு நாயுடுவின் தமிழ்நாடு பத்திரிகை அச்சகத்தில் அச்சுக் கோர்க்கிற வேலை.

இன்றைய மாணவர்களுக்கு அச்சுக் கோர்ப்பது என்றால் என்னவென்று தெரியாது. ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக அடுக்க வேண்டும். எழுத்து தலைகீழாக, கண்ணாடியில் தெரிவது போல இருக்கும். ஒரு கட்டுரையை அச்சுக் கோர்ப்பவர் அதை எழுத்து எழுத்தாகப் படித்தே தீர வேண்டும். ம.பொ.சி.க்குப் பள்ளிக்கூடம் தராத தமிழை அந்த அச்சகம் தந்தது என்றால் மிகையாகாது.

மீதியைச் சிறைச்சாலை தந்தது. காங்கிரஸில் சேர்ந்து சுதந்திரப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றார். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் கைதாகி அமராவதி சிறைக்குப் போனார். அங்கே பிடித்த வயிற்று நோய் கடைசிவரை அவரை விடவில்லை. ஆனால் சிறையில் கிடைத்த நேரத்தில் சிலப்பதிகாரத்தைக் கரைத்துக் குடித்தார். பின்னாளில் அவர் பேச்சைக் கேட்ட ரா.பி. சேதுப்பிள்ளை கொடுத்த பட்டம்தான் சிலம்புச் செல்வர். எந்தப் பல்கலைக்கழகத்திலும் தேர்வு எழுதி வாங்கிய பட்டம் இல்லை அது!

1946-ல் தமிழரசுக் கழகம் தொடங்கினார். ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரிந்த நேரத்தில் சென்னை நகரம் தமிழர்களிடமே இருக்க வேண்டும் என்று போராடினார். வடக்கு எல்லைக்காகவும் போராடினார். திருப்பதி கிடைக்கவில்லை. ஆனால் திருத்தணி 1960 ஏப்ரல் 1-ல் நம்மோடு சேர்ந்தது. வ.உ.சி.யின் வரலாற்றைக் கப்பலோட்டிய தமிழன் என்று எழுதினார். 1961-ல் வந்த சினிமா அந்தப் புத்தகத்தை வைத்து எடுத்ததுதான். வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு என்ற நூலுக்கு 1966-ல் சாகித்ய அகாடமி விருது. 1972-ல் பத்மஸ்ரீ.

1967-ல் தியாகராய நகரிலிருந்து சட்டப் பேரவைக்குப் போனார். அந்த ஆண்டு ஜூலை 18-ல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானம் நிறைவேறியபோது அவர் அந்த அவையின் உறுப்பினர். பிறகு மேலவைக்கு வந்தார். எம்.ஜி.ஆர். ஆட்சியில் அந்த அவையின் தலைவரானார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, மேலவை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பட்டிமன்றத்தில் அதை அடித்துப் பேசிய எனக்கே அப்போது ஒழுங்காகத் தெரியாது.

அரசியல் சட்டத்தின் 171-வது பிரிவுப்படி மேலவைக்கு ஐந்து வழிகளில் ஆட்கள் வருகிறார்கள். மூன்றில் ஒரு பங்கை ஊராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். மூன்றில் ஒரு பங்கை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பார்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு பட்டதாரிகள் தொகுதி. இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கு ஆசிரியர்கள் தொகுதி. மிச்சமுள்ள ஆறில் ஒரு பங்கை இலக்கியம், விஞ்ஞானம், கலை, கூட்டுறவு, சமூக சேவை ஆகிய துறைகளிலிருந்து கவர்னர் நியமிப்பார். நம் கணக்கு சார் பாணியில் கூட்டிப் பாருங்கள், சரியாக ஒன்று வரும்!

உறுப்பினர் பதவி ஆறு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். ஆகவே பேரவையைக் கலைப்பது மாதிரி மேலவையைக் கலைக்க முடியாது. ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அவை இருந்துகொண்டே இருக்கும்.

அதிகாரம்? நான் கட்டிட டிசைன் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். எங்கள் பாஷையில் சொன்னால் மேலவை என்பது டிராயிங்கைச் சரிபார்க்கிற ஆள் மாதிரி. தப்பு கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பலாம், ஆனால் வேலையை நிறுத்த முடியாது. பேரவை அனுப்பிய சாதாரண மசோதாவை முதல் தடவை மூன்று மாதம் வைத்திருக்கலாம். பேரவை அதையே மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம். அவ்வளவுதான், அதற்கப்புறம் அது நிறைவேறியதாகவே கொள்ளப்படும். பண மசோதா என்றால் பதினான்கே நாள். மந்திரிசபையைக் கவிழ்க்கவும் முடியாது, ஏனென்றால் மந்திரிசபை பேரவைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். மேலவைத் தலைவருக்குக்கூட இரு பக்கமும் சமமாக ஓட்டு விழுந்தால் மட்டுமே ஓட்டு உண்டு.

நான் பின்வாசல் என்று பேசியது முழுப் பொய்யும் இல்லை. 1952-ல் ராஜாஜி தேர்தலில் நிற்காமல் கவர்னரால் மேலவைக்கு நியமிக்கப்பட்டுத்தான் முதலமைச்சரானார். அதைப் பலர் குறை சொன்னார்கள். 1954-ல் முதலமைச்சரான காமராஜ் மேலவை வழியாக வராமல் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று பேரவைக்கு வந்தார். ஆனால் 1967-ல் மக்கள் பெருவாரியாகத் தேர்ந்தெடுத்த ஆட்சிக்குத் தலைமை ஏற்ற அண்ணாவும் மேலவை உறுப்பினர்தான். வாசல் ஒன்றுதான், யார் எதற்காக நுழைகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இப்போது ம.பொ.சி.யைப் பாருங்கள். பட்டதாரிகளுக்கென்றும் ஆசிரியர்களுக்கென்றும் தனி இடம் வைத்த அவை அது. பட்டதாரிகள் தொகுதியில் ஓட்டுப் போட வேண்டுமென்றால் பட்டம் வேண்டும். மூன்றாம் வகுப்பு படித்த சிவஞானத்தைத் தேர்வு எழுதிப் பெற்ற ஒரு பட்டம்கூட இல்லாமல் அந்த வாக்காளர் வரிசையில் நிற்க விடமாட்டார்கள். ஆனால் அந்தப் பட்டதாரிகளின் பிரதிநிதி எழுந்து பேச வேண்டுமென்றால், நாற்காலியில் இருக்கும் இவர்தான் அனுமதி தர வேண்டும்! வாத்தியார்களின் பிரதிநிதி வரம்பு மீறிப் பேசினால் உட்காரச் சொல்ல வேண்டியதும் இவர்தான். புத்தகம் இல்லாததால் வகுப்பை விட்டு வெளியேறிய பையன், கடைசியில் ஆசிரியர்கள் இருந்த அவைக்கே தலைவர்.

அந்த அவைக்கு வந்த முடிவும் அவர் கண்ணெதிரிலேயே நடந்தது. 1986-ல் மேலவைக்கு ஒரு திரைப்பட நடிகையை நியமிக்கப் போய், அவர் கடன் தீர்க்க முடியாதவராகக் கோர்ட்டில் அறிவிக்கப்பட்டிருந்ததால் பெரிய சர்ச்சையாயிற்று. அதே ஆண்டு தொடக்கத்தில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் தி.மு.க. நிறைய இடங்களைப் பிடித்திருந்தது. உள்ளாட்சி உறுப்பினர்கள் ஓட்டில்தான் மேலவையின் மூன்றில் ஒரு பங்கு நிரம்பும் என்பதை மறக்க வேண்டாம். காரணம் எதுவாக இருந்தாலும், 1986 மே 14-ல் மேலவையை ஒழிக்கும் தீர்மானத்தைப் பேரவை நிறைவேற்றியது. பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. நவம்பர் 1-ம் தேதியோடு, 1937-ல் தொடங்கிய அந்த அவை முடிந்தது. மொத்தம் 63 இடங்கள். எதிர்க்கட்சி வரிசையில் இருந்த கலைஞர் கருணாநிதியும் அப்போது மேலவை உறுப்பினர்தான்.

இதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. 169-வது பிரிவின்படி மேலவையை உண்டாக்கவோ ஒழிக்கவோ பேரவை தீர்மானம் போட்டால் போதும். மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து ஓட்டளித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். அப்புறம் பாராளுமன்றம் சட்டம் போட வேண்டும். மேலவையை யாரும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை! எந்த மசோதாவையும் மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள் என்று சொல்லும் அவைக்கு, தன் உயிர் போகும்போது ஒரு நாள்கூட நிறுத்திவைக்க உரிமை கிடையாது. எண்பது வயது ம.பொ.சி.யின் நாற்காலி அப்படித்தான் இல்லாமல் போனது. அதன்பிறகும் ஒன்பது வருஷம் வாழ்ந்து 1995 அக்டோபர் 3-ல் மறைந்தார்.

1989-ல் மீண்டும் வேண்டும் என்று ஒரு தீர்மானம், 1991-ல் வேண்டாம். 1996-ல் வேண்டும், 2001-ல் வேண்டாம். 2010-ல் பாராளுமன்றமே சட்டம் நிறைவேற்றியும் தேர்தல் நடக்கவில்லை. 2011-ல் புதிய ஆட்சி வேண்டாம் என்றது. நான் பட்டிமன்றத்தில் ஜெயித்த கட்சிதான் வெளியேயும் ஜெயித்தது!

கதை இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன். நான் வேலைக்காகப் பெங்களூர் வந்து குடியேறினேன். கர்நாடகத்தில் மேலவை உண்டு. இந்தியாவில் இன்று ஆறு மாநிலங்களில் இருக்கிறது. 2018 தேர்தலுக்குச் சில மாதம் முன்னால் ஆபீஸில் ஒரு கன்னட நண்பர் பட்டதாரிகள் தொகுதியில் பெயர் சேர்க்கும் படிவம் 18-ஐக் கொண்டுவந்து கொடுத்தார். பட்டம் வாங்கி மூன்று வருஷம் ஆகியிருக்க வேண்டும், அந்தத் தொகுதியில் குடியிருக்க வேண்டும், டிகிரி சர்டிபிகேட் நகல் வைக்க வேண்டும், இவ்வளவுதான். நான் அதை மேஜை டிராயரில் போட்டேன். தேதி முடிந்து, தேர்தலும் முடிந்து, வீடு மாறி ஆபீஸ் மாறும்போதுதான் அந்தக் காகிதம் மடிப்புக் கலையாமல் கைக்கு வந்தது.

அப்போது வெட்கமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். நாலு வருஷம் ஹாஸ்டலில் அப்பா காசில் சாப்பிட்டு வாங்கிய பட்டம். அதற்காக ஊரில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு தனி ஓட்டைச் சட்டம் எனக்குக் கொடுக்கிறது. அதைப் போட எனக்கு நேரமில்லை. இதே நான்தான் மேலவையால் என்ன பிரயோஜனம் என்று மேடையில் கேட்டவன்!

இந்தப் பட்டியலை ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகத் தயாரிப்பார்கள். பழைய பெயர் தானாக வராது. அதனால் அடுத்த தடவை நானே தேடிப் போய்ப் படிவம் கொடுத்தேன். 2024 ஜூனில் ஓட்டுப் போட்டேன். மெஷின் கிடையாது, வாக்குச் சீட்டுதான். அவர்கள் கொடுக்கும் ஊதா நிறப் பேனாவால் பிடித்த வேட்பாளருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று வரிசையாக எண் போட வேண்டும். வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்றவர்களைவிட, அந்த வரிசையில் நிற்க முடியாத ஒருவர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

பட்டதாரிக்குத் தனி ஓட்டு நியாயமா? இன்றுவரை எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியலை. ம.பொ.சி.யின் வாழ்க்கையைப் படித்தால், பட்டம் இருந்தால்தான் அறிவு என்பது அடிபட்டுப் போகிறது. ஆனால் அறிவுள்ளவர்கள் உட்கார்ந்து நிதானமாகப் பேச ஓர் இடம் வேண்டும் என்பதும் அதே வாழ்க்கையிலிருந்துதான் தெரிகிறது. தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் பெங்களூர், ஹைதராபாத், மும்பை என்று வேலைக்குப் போவீர்கள். அங்கேயெல்லாம் மேலவை உண்டு. படிவம் வந்தால் டிராயரில் போடாதீர்கள். இங்கே மறுபடி மேலவை வேண்டுமா என்ற பேச்சு வந்தால், என்னை மாதிரி விஷயம் தெரியாமல் கைதட்டல் வாங்காதீர்கள்.

நம் கணக்கு சார் ஓய்வு பெற்றுவிட்டார். இந்தச் சந்திப்புக்கு வருவதாகக் கேள்வி. இரண்டு கேள்விக்கும் பதிலோடு முன்வரிசைக்குப் போய் நிற்கப் போகிறேன். லேட் சப்மிஷன்தான். மார்க் குறைத்தாலும் பரவாயில்லை.