நாட்டுக் கணக்கைத் தமிழில் எழுதியவர்

குடகில் பிறக்கும் காவிரி கன்னட நாட்டைக் கடந்து தஞ்சையை அடைகிறது. காக்ஸ் டவுன் வீடுகளின் குழாய்களில் வருவதும் அவ்வாற்றின் நீரே. அதன் கரையிலுள்ள திருவையாற்றில், 1855ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார் ஜி. சுப்பிரமணிய ஐயர். தந்தையார் கணபதி ஐயர் ஒரு வழக்குரைஞர். இளமையிலேயே தந்தையை இழந்த சுப்பிரமணியர், தஞ்சையில் பயின்று, சென்னைக்குச் சென்று ஆசிரியரானார். பள்ளியில் கற்பித்துக்கொண்டே 1877இல் பி.ஏ. பட்டமும் பெற்றார்.

அவர் ஆசிரியப் பணியிலிருந்த அக்காலத்தில்தான் 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியது. சென்னை மாகாணத்திலும் மைசூர் நாட்டிலும் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். மக்கள் பட்டினியால் மாண்டுகொண்டிருந்தபோதும் தானியம் கப்பலேறி அயல்நாடு சென்றது. மழை பொய்த்ததால் வந்தது பஞ்சம் என்றனர் ஆட்சியாளர். மழை மட்டுமா காரணம் என்னும் வினாவே பின்னாளில் ஐயரின் எழுத்துகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

பஞ்சம் ஓய்ந்த 1878ஆம் ஆண்டில் டி. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பட்டார். அப்பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவர். ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தன. மறுமொழி கூற இந்தியருக்கு அங்கு வலுவான ஏடு இல்லை. திருவல்லிக்கேணி சென்னையின் ஒரு பகுதி; பெங்களூருக்குக் காக்ஸ் டவுன் போல. அங்குக் கூடிப் பேசிவந்த இளைஞர் அறுவர் தாமே ஓர் இதழ் தொடங்கத் துணிந்தனர். சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள். ஏனைய நால்வரும் சட்டம் பயின்றவர்கள். கடனாகப் பெற்ற ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவே அவர்களுடைய முதலீடு. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆகவே அத்தொகை ஒன்றே முக்கால் ரூபாய். செப்டம்பர் 20ஆம் நாள் எண்பது படிகள் அச்சாயின. அவ்வாறு பிறந்த ஆங்கில வார இதழே ‘தி இந்து’. அதன் முதல் ஆசிரியரான சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது இருபத்து மூன்று. 1889இல் அது நாளிதழாயிற்று.

1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் இவரே. எனினும் அவர்தம் வாழ்வில் மேடைப் பேச்சினும் பெரிய செயலொன்று உண்டு. கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்று இதழில் எழுதிவந்தவர் அவர். இளம் பருவத்திலேயே கணவனை இழந்த தம் மகளுக்கு 1889இல் மறுமணம் செய்வித்தார். உறவினர் அவரை ஒதுக்கினர். ஊருக்கு எழுதுவது எளிது. தம் வீட்டில் செய்வது அரிது. அரியதையே அவர் செய்தார்.

பொருளியலில் ஐயர் தேர்ந்தது இதழ்ப்பணியின் வாயிலாகத்தான். பெங்களூருக்கு வேலை தேடி வந்தவர் தம் ஊருக்குப் பணம் அனுப்புவார். அது அவர் உழைத்து ஈட்டியது, நாட்டுக்குள்ளேயே சுழல்வது. ஐயர் கணக்கிட்ட பணம் வேறு வகையினது. ஆங்கில அலுவலரின் ஓய்வூதியம், இலண்டனில் இருந்த இந்திய அலுவலகத்தின் செலவு, இருப்புப்பாதைக்கான கடன் வட்டி ஆகியவற்றுக்காக இந்தியர் செலுத்திய வரிப்பணம் ஆண்டுதோறும் கடல் கடந்து சென்றது, மீண்டு வரவில்லை. உழவரோ நிலவரியைப் பணமாகவே கட்ட வேண்டியிருந்தது. அதற்காக அறுவடையானதும் கிடைத்த விலைக்கு நெல்லை விற்றனர். அல்லது கடன் வாங்கினர். கையில் சேமிப்பு இல்லாதவனை ஓராண்டு மழையின்மைகூட வீழ்த்திவிடும். பஞ்சத்தின் வேர் வறுமை என்று அவர் கண்டது இவ்வழியேதான்.

இந்தியாவின் செலவினங்களை ஆராய அமைந்த வெல்பி ஆணையத்தின்முன் 1897இல் இலண்டன் சென்று சான்றளித்தார். கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோரும் அவ்வாண்டில் சான்றளித்தனர். பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளியல் கூறுகளைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1903இல் வெளியாயிற்று.

ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் ஆள்வோர் படிப்பர். வரி கட்டும் உழவர் படிப்பாரோ? இதனை உணர்ந்தே 1882இல் ‘சுதேசமித்திரன்’ என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கியிருந்தார். சமூகச் சீர்திருத்தத்தில் அவர் காட்டிய விரைவு வீரராகவாச்சாரியாருக்கு உடன்பாடாக இல்லை. 1898இல் தாம் வளர்த்த ஆங்கில ஏட்டினின்று விலகித் தமிழ் ஏட்டையே முழுநேரப் பணியாகக் கொண்டார். மறு ஆண்டே அது நாளிதழாயிற்று. செலவாணி, ஏற்றுமதி, வரி விகிதம் போன்றவற்றைத் தமிழில் எழுதிப் பழகாத காலம் அது. வடசொல்லும் ஆங்கிலச் சொல்லும் கலந்த அந்நடை இன்று படிப்போர்க்குச் சற்றுக் கரடுமுரடாகத் தோன்றலாம். பாதையே இல்லாத இடத்தில் நடந்தவரின் நடை வேறெவ்வாறு இருக்கும்? 1904இல் மதுரையில் தமிழாசிரியராக இருந்த இளைஞர் ஒருவரை அழைத்துத் துணையாசிரியராக அமர்த்தினார். அவ்விளைஞரே சுப்பிரமணிய பாரதியார்.

1908இல் அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டு ஐயர் கைதானார், பின்னர் விடுவிக்கப்பட்டார். கொடிய தோல்நோய் அவர் உடலை வருத்தியது. 1915இல் இதழின் பொறுப்பை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். 1916 ஏப்ரல் 18ஆம் நாள் மறைந்தார். சுதேசமித்திரன் அதன்பின்னும் பல்லாண்டுகள் தமிழில் வெளிவந்தது.