இசைத்தட்டில் ஏறிய சுப்ரபாதம்

உத்ஸவ ஸேவைக்கு வந்து கூடியிருக்கும் ஆஸ்திகப் பெருமக்களில் ஸ்ரீவேங்கடேச சுப்ரபாதத்தைச் செவியுறாதவர் எவரும் இரார். ஸ்வாமி மணவாள மாமுனிகளின் சிஷ்யரும் அஷ்டதிக்கஜங்களில் ஒருவருமான பிரதிவாதி பயங்கரம் அண்ணன் ஸ்வாமி பதினைந்தாம் நூற்றாண்டில் அருளிச்செய்த ஸ்தோத்திரம் அது. ஸந்நிதிகளிலும் பெரியோர்களின் திருமாளிகைகளிலும் ஒலித்து வந்த அதனை, 1963-ஆம் ஆண்டில் இசைத்தட்டின் வாயிலாக எளியோர் இல்லங்களுக்கும் கொண்டு சேர்த்தவர் இசையரசி ஸ்ரீமதி எம்.எஸ். சுப்புலக்ஷ்மி அம்மையார் ஆவார்.

அம்மையார் 1916-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் மதுரையம்பதியில் அவதரித்தார். அன்னை ஷண்முகவடிவு வீணையில் வல்லவர். பாட்டி அக்கம்மாள் வயலினில் தேர்ந்தவர். இசையையே குலதனமாகக் கொண்ட அவ்வில்லத்தில் வளர்ந்த குழந்தையின் குரல், பத்தாம் பிராயத்திலேயே இசைத்தட்டில் பதிவாயிற்று. பள்ளிப் படிப்போ ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. 1940-இல் ஸ்ரீ டி. ஸதாசிவம் அவர்களைக் கைப்பிடித்தார். 1945-இல் வெளிவந்த மீரா திரைப்படம் அவர் கீர்த்தியைப் பாரத தேசமெங்கும் பரப்பியது.

1963-ஆம் ஆண்டில் அம்மையாருக்கு நாற்பத்தேழாம் பிராயம் நடந்துகொண்டிருந்தது. அவ்வோராண்டிலே இரு பெரும் பணிகள் அவரை எதிர்நோக்கின. ஒன்று, எச்.எம்.வி. நிறுவனத்தின் நீண்ட நேர இசைத்தட்டில் சுப்ரபாதத்தைப் பாடிக் கொடுப்பது. மற்றொன்று, ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் நடைபெறும் சர்வதேசக் கலைவிழாவிற்குச் சென்று பாடுவது. அவ்வாண்டு விழாவில் பாரதநாட்டுச் சங்கீதத்திற்குச் சிறப்பிடம் அளிக்கப்பட்டிருந்தது. மேலை நாட்டு மேடைகளை அம்மையார் கண்ட முதல் யாத்திரையும் அதுவே. நமது ராகங்களையும் ஸாஹித்யங்களின் பொருளையும் அறியாத ஸபையில் கர்நாடக ஸங்கீதத்தின் மேன்மையை நிலைநாட்டும் பொறுப்பு அவர்மேல் இருந்தது.

எனினும், இவ்விரண்டனுள் கடினமானது எதுவெனில், இசைத்தட்டுப் பணியே என்று சொல்லத் தோன்றும். கச்சேரியில் ஓரிடத்தில் பிசகு நேரின் அது காற்றோடு கலந்து மறையும். அடுத்த கீர்த்தனத்தில் ஸபையோர் அதனை மறப்பர். தட்டில் பதிந்த பிசகோ, ஊசி அதன்மேல் ஓடுந்தோறும் மீண்டும் மீண்டும் ஒலிக்கும். அதனைக் கேட்டுப் பாடம் பண்ணுவோர் பிழையையே பாடமாகக் கொள்வர்.

சுப்ரபாதம் 29 சுலோகங்கள், ஸ்தோத்திரம் 11, ப்ரபத்தி 16, மங்களாசாஸனம் 14 ஆக எழுபது சுலோகங்கள் கொண்டது இத்தொகுதி. தமிழெழுத்தில் ககரம் ஒன்றே. வடமொழியில் அது நான்கு. கர என்னும் சொல்லை முதல் ககரத்தால் உரைத்தால் கை என்று பொருள். இரண்டாம் ககரத்தால் உரைத்தால் கழுதை என்று பொருள்! எம்பெருமானுடைய திருக்கரத்தைத் துதிக்கப் புகுந்தவர் நா தவறினால் நேரும் அபசாரத்தை எண்ணிப் பாருங்கள். ஆகையால், வடமொழி வல்லாரிடம் உச்சரிப்பைக் கேட்டுத் திருத்திக்கொண்ட பின்னரே பாடுவதைத் தம் வாழ்நாள் நியமமாக அம்மையார் கொண்டிருந்தார். பெரும்புகழ் வந்த பின்னும் மாணவியாக அமர்வதற்கு அவர் கூசியதில்லை.

மற்றொரு தியாகமும் இதில் உண்டு. ஆலாபனையிலும் நிரவலிலும் ஸபையைக் கட்டிப்போட வல்ல அவர், சுப்ரபாதத்தில் அவ்வித்தையை ஒடுக்கிக்கொண்டார். குரு லகு பேதம் சிதையாமல், சுலோகத்தின் நடைக்கு ராகம் அடங்கி நிற்கும்படி பாடினார். மகள் ராதா விசுவநாதன் உடன்பாட, இருகுரலும் ஒருகுரலாயின. அத்தட்டினால் வரும் ஊதியத்தையும் தமக்கென வைத்துக்கொள்ளாமல், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேதபாடசாலைக்கு ஸமர்ப்பித்தார்.

இசைத்தட்டு வெளிவந்தது, எடின்பரோவிலும் அவர் இசை சிறப்புற ஒலித்தது. 1966-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் நியூயார்க் நகரில் ஐக்கிய நாடுகள் ஸபையில் பாடினார். காஞ்சி மஹாஸ்வாமிகள் இயற்றிக் கொடுத்த ஸம்ஸ்கிருத கீதத்தை அங்கே பாடியபோதும் அதே அக்ஷரசுத்தியைக் கைக்கொண்டார். 1970-இல் ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமம் இசைத்தட்டாயிற்று. அறுபது பிராயம் கடந்த பின்னரும் தாள்ளபாக்கம் அன்னமாசார்யரின் தெலுங்குக் கீர்த்தனங்களைப் புதிதாகப் பாடம் செய்து, பாலாஜி பஞ்சரத்னமாலா என ஐந்து இசைத்தட்டுகளாக அளித்தார். 1998-இல் பாரத ரத்னா விருது அவரை வந்தடைந்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், எண்பத்தெட்டாம் பிராயத்தில் பரமபதம் அடைந்தார்.

தேவநாகரியோ கிரந்தமோ அறியாத எத்தனையோ குடும்பத்தினர், விடியலில் வாசல் தெளித்துக் கோலமிடுகையிலே அவர் குரலைப் பின்பற்றியே சுப்ரபாதத்தை மனனம் செய்திருக்கின்றனர். குருகுலம் காணாதவர்க்கு அவ்விசைத்தட்டே குருவாயிற்று. அவர் மட்டும் ஓரக்ஷரத்தை அலக்ஷியம் செய்திருந்தால், அப்பிழை எத்தனை இல்லங்களில் வேரூன்றியிருக்கும்!

நாளை உஷத்காலத்தில் ஸந்நிதி வாசலில் சுப்ரபாதம் ஸேவிக்கும் அன்பர்கள், வாய்விட்டுச் சொல்லுமுன் ஒருமுறை செவிசாய்த்து அக்ஷரங்களைக் கேட்பார்களாக. இல்லத்துச் சிறுவர் சிறுமியர்க்கும் பிழையறக் கற்பிப்பார்களாக. அதுவே அண்ணன் ஸ்வாமிக்கும், அவர் வாக்கை நாடெங்கும் ஒலிப்பித்த அம்மையாருக்கும் நாம் செய்யும் உபகாரஸ்மிருதி.

ஸ்ரீநிவாஸன் திருவடிகளே சரணம்.