யான் வூகாசியேவிச்

யான் வூகாசியேவிச் (டிசம்பர் 21, 1878 - பெப்ரவரி 13, 1956) போலந்து நாட்டைச் சேர்ந்த ஏரண அறிஞரும் மெய்யியலாளரும் ஆவார். அடைப்புக்குறிகள் தேவைப்படாத போலந்துக் குறியீட்டை உருவாக்கியவர் இவரே. மூன்று பெறுமான ஏரணத்தை முன்வைத்தவர் என்ற வகையிலும் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

இவர் அன்றைய ஆத்திரிய-அங்கேரிப் பேரரசின் லெம்பர்க் நகரில் பிறந்தார். இந்நகர் இன்று உக்ரைனில் லிவீவ் என அழைக்கப்படுகிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கணிதமும் மெய்யியலும் பயின்று, 1902 இல் முனைவர் பட்டம் பெற்றார். 1915 இல் வார்சா பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். 1919 இல் பதெரெவ்ஸ்கியின் அமைச்சரவையில் கல்வி அமைச்சராக இருந்தார். பின்னர் இருமுறை வார்சா பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் பணியாற்றினார். இவரும் லெஸ்னியெவ்ஸ்கியும் வளர்த்த வார்சா ஏரணப் பள்ளியில் பயின்றவர்களுள் ஆல்பிரட் டார்ஸ்கி குறிப்பிடத்தக்கவர்.

பங்களிப்புகள்

மூன்று பெறுமான ஏரணம்

ஒரு கூற்று உண்மை அல்லது பொய் ஆகிய இரண்டில் ஒன்றாகவே இருக்கும் என்பது மரபான கொள்கை. நாளை நிகழவிருப்பதைப் பற்றிய கூற்று இன்றே உண்மையாகிவிட்டால், எதிர்காலம் முன்னரே முடிவாகிவிட்டதாகப் பொருள்படும். இதனை ஏற்காத வூகாசியேவிச், 1920 இல் 1, 0 ஆகியவற்றுடன் 1/2 என்னும் மூன்றாம் பெறுமானத்தையும் சேர்த்தார்.

போலந்துக் குறியீடு

3 + 4 × 5 என்பதன் விடை 23 ஆகும். பெருக்கலை முதலில் செய்யவேண்டும் என்ற முன்னுரிமை வழக்கத்தை அறியாதவர் 35 எனக் கொள்ளக்கூடும். 1924 இல் வூகாசியேவிச் செயற்குறியை அதன் உறுப்புகளுக்கு முன்னால் எழுதும் முறையைக் கண்டார். இதன்படி + 3 × 4 5 என்பது 23 ஐயும், × + 3 4 5 என்பது 35 ஐயும் தரும். ஒவ்வொரு செயற்குறிக்கும் எத்தனை உறுப்புகள் என்பது தெரிந்திருந்தால் போதும். முன்னுரிமை விதியும் அடைப்புக்குறியும் வேண்டியதில்லை.

இம்முறை கணினியியலிலும் பயன்பட்டது. லிஸ்ப் நிரல்மொழி செயற்குறியை முன்னால் எழுதுகிறது. ஆயினும் அதில் உறுப்புகளின் எண்ணிக்கை மாறக்கூடும் என்பதால் அடைப்புக்குறிகள் தேவைப்படுகின்றன. 1972 இல் வெளிவந்த எச்பி-35 கணிப்பான், செயற்குறியைப் பின்னால் இடும் தலைகீழ்ப் போலந்துக் குறியீட்டைக் கையாண்டது.

இடைநிலைக் குறியீட்டின் சிக்கல் இன்றும் நீடிக்கிறது. சார்புகளை அடிப்படையாகக் கொண்ட ஹாஸ்கெல் நிரல்மொழியில், சார்பு தன் உள்ளீட்டுடன் எந்தச் செயற்குறியையும் விட இறுக்கமாகப் பிணைகிறது. எனவே பட்டியலின் தலையையும் எஞ்சிய பகுதியையும் பிரிக்கும் வடிவப் பொருத்தத்தை ச (அ:ஆ) என்றே எழுதவேண்டும். ச அ:ஆ என எழுதினால் அது (ச அ):ஆ எனப் பிரிக்கப்பட்டுப் பிழையாகும். அவ்வாறே ச -1 என்பது, சார்புக்கு -1 ஐ அளிப்பதாகாது. ச என்பதிலிருந்து 1 ஐக் கழிப்பதாகவே கொள்ளப்படும்.

இறுதிக் காலம்

1939 செப்டம்பரில் வார்சா மீது நடந்த குண்டுவீச்சில் இவரது வீடும் கையெழுத்துப் படிகளும் அழிந்தன. செருமானிய ஆக்கிரமிப்பின்போது மறைவாக இயங்கிய பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1944 இல், செருமானிய ஏரண அறிஞர் ஐன்ரிக் சோல்சின் உதவியுடன் மனைவி ரெஜினாவோடு முன்ஸ்டர் நகருக்குச் சென்றார். போருக்குப் பின் தாயகம் திரும்பாது, 1946 இல் டப்ளின் சென்று அயர்லாந்து அரச கழகத்தில் பேராசிரியரானார். அரிஸ்டாட்டிலின் ஏரணம் பற்றிய இவரது நூல் 1951 இல் வெளியானது. டப்ளினிலேயே காலமானார். 2022 இல் இவரது உடலெச்சங்கள் வார்சாவுக்குக் கொண்டுவரப்பட்டு மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன.