வாக்குப்பெட்டி வழி காட்டிய சுகுமார் சென்

ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை 21 வயது நிரம்பிய அனைவருக்கும் நம் அரசியலமைப்பு வழங்கியது. அவ்வுரிமையை முதன்முதலில் நாடெங்கும் நடைமுறைப்படுத்தியவர் சுகுமார் சென்.

வங்காளத்தைச் சேர்ந்த இவர், கொல்கத்தாவிலும் இலண்டனிலும் பயின்றார்; கணிதத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். 1921ஆம் ஆண்டில் இந்தியக் குடிமைப் பணியில் சேர்ந்து, மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலாளராக உயர்ந்தார். 1950ஆம் ஆண்டு மார்ச் திங்களில் இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையராகப் பொறுப்பேற்றார்.

அப்போது வாக்காளர்கள் 17 கோடிக்கும் மேற்பட்டோர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர்கள். வேட்பாளரின் பெயரைப் படித்துக் குறியிடும் முறையைக் கொண்டுவந்தால் அவர்கள் தடுமாறுவர். பிழையாகக் குறியிட்ட சீட்டுகள் செல்லாமற்போகும். பிறர் உதவியை நாடினாலோ, வாக்கு மறைவாக இராது. ஆகவே, படிப்பறியாதவரும் தாமே வாக்களிக்கத்தக்க முறை ஒன்று தேவைப்பட்டது.

சென் தலைமையிலான ஆணையம், ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைக்க முடிவு செய்தது. பெட்டியின்மேல் இரட்டைக் காளை, குடிசை, விளக்கு போன்ற சின்னங்களுள் அவ்வேட்பாளருக்குரியது ஒட்டப்பட்டது. வாக்காளர் மறைப்புக்குள் சென்று, தாம் விரும்பிய சின்னமுள்ள பெட்டியில் சீட்டை இட்டால் போதும். எதையும் எழுத வேண்டியதில்லை. இம்முறைக்குச் செலவு மிகுதி. 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட பெட்டிகள் செய்யப்பட்டன. ஒருவரே மீண்டும் வாக்களிப்பதைத் தடுக்க, விரலில் அழியாத மை இடப்பட்டது.

வாக்காளர் பட்டியலிலும் ஓர் இடர் எழுந்தது. பெண்கள் பலர் தம் பெயரைக் கூறாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்திருந்தனர். ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயராலேயே வாக்காளராக வேண்டும் என்பதில் சென் உறுதியாக நின்றார். திருத்த இயலாத ஏறத்தாழ 28 இலட்சம் பெயர்கள் நீக்கப்பட்டன. அப்பெண்கள் அத்தேர்தலில் வாக்களிக்க இயலவில்லை. கடுமையான முடிவுதான், எனினும், அடுத்த தேர்தலுக்குள் பெண்கள் பலர் தம் பெயரைப் பதிந்துகொண்டனர்.

1951 அக்டோபர் 25 அன்று இமயமலைச் சிற்றூரான சினியில் தொடங்கிய வாக்குப்பதிவு, 1952 பிப்ரவரியில் நிறைவுற்றது. அடுத்த ஆண்டே சூடான் நாட்டின் தேர்தலை நடத்தித் தரும் பொறுப்பும் சென்னைத் தேடி வந்தது. 1957ஆம் ஆண்டு இரண்டாம் பொதுத்தேர்தலையும் நடத்தி முடித்து, மறு ஆண்டில் பணி ஓய்வு பெற்றார்.

மக்கள் வாக்களித்துப் பழகிய பின்னர்த் தனிப்பெட்டி முறை மறைந்தது. ஒரே சீட்டில் முத்திரையிடும் முறை வந்தது. பின்னர் மின்னணு இயந்திரம் வந்தது. சின்னமும் விரல்மையும் மட்டும் இன்றளவும் நிலைத்துள்ளன.

சொற்பொருள்: திங்கள் – மாதம், இடர் – துன்பம், இன்றளவும் – இன்றுவரை

வினாக்கள்
1. தனித்தனிப் பெட்டி வைத்ததன் காரணம் யாது?
2. 28 இலட்சம் பெயர்களை நீக்கியது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
3. உங்கள் வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுக்க எம்முறை ஏற்றது? ஐந்து வரிகளில் எழுதுக.