கொல்லிமலையின் பாட்டியம்மா

பள்ளிக்கூடம் நம் வாசலுக்கு அருகிலேயே இருப்பதால் அதன் அருமை நமக்குப் பல வேளைகளில் தெரிவதில்லை. பள்ளியே இல்லாத ஒரு மலைக்கு அதைத் தேடிக் கொண்டு சென்ற ஒரு பெண்மணியின் வாழ்க்கையை அறிந்தால் அந்த அருமை தானே விளங்கும். அவர் பெயர் எவலின் பிராண்ட். அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர், பாப்டிஸ்ட் சபையினர். ஆயினும் அன்புத்தொண்டு யாரிடம் மலர்ந்தாலும் அதை வணங்கிப் போற்றுவது நம் கடமை அல்லவா!

கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. முன்பு அது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அறப்பளீசுவரர் கோயிலையும் ஆகாய கங்கை அருவியையும் காணச் செல்வோர் இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்திலேயே மேலே சென்றுவிடலாம். நூறாண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. காட்டுப் பாதையில் நடந்துதான் ஏற வேண்டும். சாமையும் தினையும் கேழ்வரகும் பயிரிட்டு வாழ்ந்த மலையாளி என்னும் மலைவாழ் மக்கள், உப்புக்கும் துணிக்கும் சமவெளிக்கு இறங்கி வந்தார்கள். சமவெளி மக்களோ மலைக் காய்ச்சலுக்கு அஞ்சி அங்கே தங்கத் துணியவில்லை.

எவலின் அம்மையார் 1879-ஆம் ஆண்டில் பிறந்தார். லண்டன் நகரின் வசதியான குடும்பம் அவருடையது. ஓவியம் கற்றவர், அழகிய ஆடைகளுக்கும் வண்ணங்களுக்கும் பழகியவர். முப்பது வயதைக் கடந்த பிறகு, வீட்டாரின் தயக்கத்தையும் மீறி இந்தியாவுக்குப் புறப்பட்டு வந்தார். இங்கே ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் இளம் மறைப்பணியாளரை 1913-இல் மணந்தார். மணமான கையோடு இருவரும் மலையேறினர். கொட்டும் மழை, சேறும் முள்ளும் நிறைந்த பாதை. லண்டன் மாளிகையில் வளர்ந்த அவருக்கு மலைமேல் காத்திருந்தது மரத்தால் ஆன ஓர் எளிய வீடு. கரையான் ஏறாதிருக்க அது தூண்களின்மேல் கட்டப்பட்டிருந்தது.

தொடக்கத்தில் மக்கள் அவர்களை நெருங்கவில்லை. மலையில் பூசாரியின் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. புதியவர்களை அவர் விரும்பவில்லை. கணவனும் மனைவியும் அதற்காக மனம் சோரவில்லை. நோயுற்றோருக்கு மருந்து கொடுத்தார்கள். புண்களைக் கழுவிக் கட்டினார்கள். 1918, 1919-ஆம் ஆண்டுகளில் உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சல் கொல்லிமலையையும் விட்டுவைக்கவில்லை. வீடு வீடாக மக்கள் மடிந்தபோது பிராண்ட் தம்பதியர் அரிசிக் கஞ்சி காய்ச்சி எடுத்துச் சென்று ஊட்டினார்கள். அந்தப் பூசாரியும் காய்ச்சலில் விழுந்தார். உயிர் பிரியும் தறுவாயில் தம் பிள்ளைகளை அவர் ஒப்படைத்தது தாம் எதிர்த்து நின்ற அதே தம்பதியரிடம்தான். ரூத் என்று பெயரிடப்பட்ட அந்தப் பெண்குழந்தையை எவலின் அம்மையார் வளர்த்தார்.

இதன்பின் மலை மக்களின் நம்பிக்கை வளர்ந்தது. வாழவந்தியை நடுவாகக் கொண்டு பள்ளிகள் தோன்றின. அந்நாளில் மலையில் பள்ளி நடத்துவது எளிதன்று. மாடு மேய்க்கவும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளைகள் தேவை. ஒரு பிள்ளை பள்ளிக்கு வந்தால் வீட்டில் ஒரு கை குறையும். அந்தக் குறையைத் தாங்கிக்கொள்ளும்படி பெற்றோருக்குப் பயன் தெரிய வேண்டும். ஆகையால் எழுத்தோடு தொழிலும் சேர்ந்தது. தச்சுவேலை, ஓடு செய்தல், பட்டுப்பூச்சி வளர்த்தல், ஆரஞ்சு பயிரிடுதல் என்று ஜெஸ்ஸி பிராண்ட் பலவற்றையும் கற்றுக்கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் கைநாட்டு வைக்க வேண்டியதில்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேரளத்தில் புனித குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா, ஒவ்வொரு பங்குக் கோயிலின் அருகிலும் ஒரு பள்ளி இருக்க வேண்டும் என்று 1864-இல் ஆணையிட்டார். ஆலயமும் பள்ளியும் இணைந்தே நிற்க வேண்டும் என்ற அந்த எண்ணமே, வேறொரு சபையின் வழியாகக் கொல்லிமலையிலும் செயல்பட்டது.

கல்வி உயிர் காக்கும் என்பதற்கு நரம்புச் சிலந்தி நோய் ஒரு சான்று. குடிநீரிலுள்ள கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்களின் வழியாக இந்தப் புழுவின் குஞ்சு உடலுக்குள் புகுகிறது. ஓராண்டு கழித்துக் கால் தோலைத் துளைத்துக்கொண்டு நீண்ட புழுவாய் வெளிவருகிறது. எரிச்சல் தாங்காமல் நோயாளி கிணற்றின் படியில் இறங்கிக் காலை நனைத்தால், ஆயிரக்கணக்கான குஞ்சுகள் மீண்டும் தண்ணீரில் கலக்கின்றன. கிணற்றுக்குள் யாரும் இறங்காதபடி சுற்றிலும் சுவர் எழுப்பினால் போதும். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தால் போதும். இந்தப் பாடத்தை மலைமக்களுக்கு அவர்கள் விடாமல் புகட்டினார்கள். இந்தியா முழுவதும் இந்நோய் ஒழிந்துவிட்டது என்று உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது 2000-ஆம் ஆண்டில்தான்.

அவர்களுக்குப் பால் என்ற மகனும் கானி என்ற மகளும் இருந்தனர். மலையில் தாயே அவர்களுக்கு ஆசிரியை. சிறுவன் பால் மரக்கிளையில் உட்கார்ந்து கணக்குப் போட்டு, விடைத்தாளைக் கீழே நிற்கும் தாயிடம் போடுவானாம்! 1923-இல் இருவரையும் இங்கிலாந்தில் உறவினரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. கானி அவனுக்கும் இளையவள். விடுதியில் தங்கிப் படிக்கும் நம் தோழியர், விடுமுறைக்கு வீடு செல்லும் நாளை எண்ணிக் காத்திருப்பதை நாம் அறிவோம். அந்தப் பிள்ளைகளுக்கோ அத்தகைய விடுமுறை வரவேயில்லை. 1929 ஜூன் மாதத்தில் கடுங்காய்ச்சல் கண்டு ஜெஸ்ஸி பிராண்ட் மலையிலேயே காலமானார். தந்தையை மறுபடி பார்க்கும் பேறு பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. மலைப்பள்ளியின் பிள்ளைகள் பெற்றதற்கு இந்தப் பிள்ளைகள் கொடுத்த விலை இது. தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

எவலின் அம்மையார் சிறிது காலம் தாய்நாட்டில் இருந்துவிட்டு மீண்டும் இந்தியா வந்தார். ஆண்டுகள் கடந்தன. அவருக்கு 68 வயதானபோது, வயதைக் காரணம் காட்டி, இனிப் பணி போதும் என்று அவரை அனுப்பிய சங்கத்தார் முடிவு செய்தனர். இன்னும் ஓராண்டு மட்டும் கேட்டுப் பெற்றார். அது முடிந்ததும் பணியிலிருந்து விடுபட்டார். ஆனால் கப்பலேறவில்லை, மலையேறினார்! எந்தச் சங்கத்தின் சம்பளமும் இன்றி, சிறு குடில் ஒன்றில் தங்கி, மட்டக்குதிரையின்மேல் ஊர் ஊராகச் சென்றார். பெற்றோர் கைவிட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தார். கொல்லிமலையோடு நில்லாமல் பச்சைமலை, கல்வராயன்மலை முதலிய மலைகளுக்கும் சென்று பணியாற்றினார்.

75-ஆம் வயதில் ஓரிரவு கீழே விழுந்து அவரது இடுப்பெலும்பு முறிந்தது. விடியும்வரை உதவிக்கு ஆளின்றித் தரையிலேயே கிடந்தார். காலையில் நால்வர் அவரைக் கயிற்றுக் கட்டிலில் சுமந்து மலையிறக்கினார்கள். வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திப் புகழ்பெற்ற மருத்துவர் பால் பிராண்ட், அவர் மகன்தான். இனி மலைக்குப் போக வேண்டாம் என்று அவர் தடுத்தும் தாய் கேட்கவில்லை. இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றிக்கொண்டு மீண்டும் போனார். அக்குடிலில் அவர் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவே இல்லை. வண்ணங்களை நேசித்த ஓவியர் அவர்! தம் முகத்துச் சுருக்கங்களை எண்ண அவருக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை.

1974 டிசம்பரில், 95-ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். வாழவந்தியில் கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். மலைமக்கள் அவரைப் பாட்டி என்றே அழைத்து வந்தனர். பிறந்த நாடு வேறானாலும் அவர்களுக்கு அவர் வீட்டுப் பெரியவராகிவிட்டார்.

அன்புத் தோழியரே, பத்தாம் வகுப்பை முடித்து நாம் பல திசைகளுக்குச் செல்ல இருக்கிறோம். நம்முள் சிலர் ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் ஆவோம். வசதியான ஊரில் வேலை கிடைக்க வேண்டும் என்றே எல்லோரும் விரும்புவோம், அது இயல்புதான். ஆனால் சாலை முடியும் இடத்திற்கு அப்பாலும் எழுத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு என்பதை நாம் மறவாதிருப்போம். அங்கே செல்லும் ஆணை ஒருநாள் நம் கையில் கிடைத்தால், இரண்டு மூங்கில் கோல்களோடு மலையேறிய அந்தப் பாட்டியம்மாவை நினைத்துக்கொண்டு, மறுக்காமல் புறப்படுவோம்.