சூத்திரத்துக்குப் பின்னால் ஒரு மனிதர்

இயந்திரவியல் மாணவனான எனக்கு ஜூக்கோவ்ஸ்கி என்பது முதலில் ஒரு சூத்திரத்தின் பெயர் மட்டுமே. அவரது வாழ்க்கையைத் தேடிப் படித்த பிறகு, நம் சங்கத்துத் தம்பி தங்கைகளுக்கும் அதைச் சொல்லத் தோன்றியது.

நிக்கோலாய் ஜூக்கோவ்ஸ்கி 1847இல் ரஷ்யாவின் ஒரெஹோவோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையைப் போலப் பொறியியலாளராக வேண்டும் என்பதே அவரது ஆசை. குடும்ப வசதி இடம் தராததால் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று 1868இல் பட்டம் பெற்றார். பின்னர் பீட்டர்ஸ்பர்க்கில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். நில அளவைத் தேர்வில் தோல்வியுற்று வெளியேறினார். ஆசிரியர் பணியே அவரது வாழ்க்கையாயிற்று.

1890களில் மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்கள் உடைந்தபடி இருந்தன. காரணத்தைக் கண்டறியும் பொறுப்பு 1897இல் அவரிடம் வந்தது. அலெக்செயெவ்ஸ்காயா நீரேற்று நிலையத்தில் குழாய்களை அமைத்து, வால்வைச் சட்டென மூடி, அழுத்தத்தைப் பதிவு செய்து ஆராய்ந்தார்.

ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் எகிறுகிறது. அது வினாடிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் வேகத்தில் அலையாகக் குழாயில் பாய்கிறது. வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை நிறுத்தினாலே சுமார் 10 பார் அழுத்தம் கூடும். அலை மறுமுனைக்குச் சென்று திரும்புவதற்குள் வால்வை மூடினால் குழாய் முழு அடியையும் வாங்கும். 500 மீட்டர் குழாயில் அந்த அவகாசம் 1 வினாடிதான்!

அடியைத் தணிக்கும் காற்றுக்கலங்களையும் அவர் ஆராய்ந்தார். இன்றைய ஹைட்ராலிக் இயந்திரங்களில் நைட்ரஜன் நிரப்பிய அக்குமுலேட்டர் அதே வேலையைச் செய்கிறது. அதன் கொள்ளளவைக் கண்மதிப்பில் தேர்ந்தெடுக்க முடியாது. ஓடிவரும் திரவத்தின் இயக்க ஆற்றல் முழுவதையும், அனுமதித்த அழுத்தம் மீறாதபடி, உள்ளிருக்கும் வாயு சுருங்கி ஏற்க வேண்டும். குழாயின் நீளம் இருமடங்கானால் அந்த ஆற்றலும் இருமடங்கு. ஓட்டத்தின் வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. வால்வுக்கு அருகில் பொருத்தினால்தான் பயன் உண்டு.

இந்த ஆய்வு 1898இல் வெளிவந்தது. பிறகு விமான இறக்கையின் தூக்குவிசைக்கும் அவர் விளக்கம் தந்தார். 1911இல், தம் 64ஆம் வயதில், தாம் கற்பித்த மாஸ்கோ தொழில்நுட்பக் கல்லூரியிடமிருந்து கௌரவப் பொறியியலாளர் பட்டம் பெற்றார். 1921இல் மறைந்தார்.

ஒரு தாளில் தோற்றதும் துறையையே மாற்றிக்கொள்ள நினைக்கும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. பட்டம் கைக்கு வர நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயின. அதற்குள் பொறியியலாளர்களுக்கே பாடமாகிவிட்டார் அவர்.